காமன் சென்ஸ் (தாமஸ் பெய்ன்) – திறனாய்வு

‘காமன் சென்ஸ்’ என்பது தாமஸ் பெய்ன் எழுதி, 1776 சனவரி 10 அன்று பிலடெல்பியாவில் வெளிவந்த அரசியல் சிறுநூல் ஆகும். முதற்பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. பிரித்தானியாவிடமிருந்து 13 அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிந்ததற்கு வரியே காரணம் என்று பாடநூல்கள் சுருக்கிச் சொல்வதுண்டு. வரி மீதான கோபம் எவ்வாறு விடுதலைக் கோரிக்கையாக மாறியது என்பதை அறிய இந்நூல் உதவுகிறது.

பின்னணி

1765 முத்திரைத்தாள் சட்டத்தைக் குடியேற்றங்கள் கடுமையாக எதிர்த்தன. மறு ஆண்டே பாராளுமன்றம் அதை விலக்கிக்கொண்டது. ஆனால் குடியேற்றங்களுக்காக எந்தச் சட்டத்தையும் இயற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று அப்போதே மற்றொரு சட்டத்தின் மூலம் அறிவித்தது. வரி நீங்கியது, யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி நீங்கவில்லை.

1773-இல், நிதி நெருக்கடியில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியைக் காப்பாற்றத் தேயிலைச் சட்டம் வந்தது. அப்போது வங்காளத்தில் வரி வசூலித்துவந்த அதே கம்பெனிதான் இது. இச்சட்டத்தால் தேயிலை விலை குறையவே செய்தது. இருந்தும் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. கடத்தல் தேயிலை விற்ற வணிகர்களின் நலனும் இதில் கலந்திருந்தது. ஆயினும் மக்களைத் திரட்டியது, தங்கள் இசைவின்றி வரி விதிக்கக் கூடாது என்ற கொள்கையே ஆகும்.

1775 ஏப்ரலில் போர் தொடங்கிய பின்னரும் பலர் பிரிவினையை விரும்பவில்லை. பாராளுமன்றமும் அமைச்சர்களுமே தவறு செய்கின்றனர், மன்னர் நீதி வழங்குவார் என்று நம்பினர். அவ்வாண்டு சூலையில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சமாதான விண்ணப்பமும் அனுப்பினர். மன்னரோ ஆகஸ்டில் அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார்.

நூலின் வாதம்

பெய்ன் இந்த நம்பிக்கையின் வேரையே தாக்கினார். தவறு ஒரு மன்னரிடம் இல்லை, மன்னராட்சி முறையிலேயே உள்ளது என்றார். தகுதி பிறப்பால் வருவதில்லை என்பதால் வாரிசுரிமையை மறுத்தார். இசுரவேலர் தமக்கு ஓர் அரசன் வேண்டும் என்று கேட்டபோது சாமுவேல் எச்சரித்த விவிலியக் கதையைச் சான்றாக எடுத்தார். ஒரு சிறு தீவு பெருங்கண்டத்தை என்றென்றும் ஆள்வது இயற்கைக்கு ஒவ்வாதது என்றும் வாதிட்டார்.

சட்ட நுணுக்கங்களையும் இலத்தீன் மேற்கோள்களையும் தவிர்த்து, தொழிலாளியும் அறிந்த விவிலியத்தையும் அன்றாட உவமைகளையும் கையாண்டதே நூலின் பெரும் வலிமை. அரசியல் விவாதம் இதனால் கற்றவர் வட்டத்தைக் கடந்தது.

தாக்கம்

நூல் இலட்சக்கணக்கில் விற்றது என்று பெய்னே கூறினார். பின்வந்தோர் ஐந்து இலட்சம் என்றனர். அடிமைகளையும் சேர்த்து மக்கள்தொகையே சுமார் 25 இலட்சமாக இருந்த நிலையில் இதை ஏற்பது கடினம். ஒரே ஆண்டில் பல பதிப்புகள் கண்டதும், ஜேம்ஸ் சால்மர்ஸ் போன்றோர் மறுப்பு நூல் எழுதியதும் அதன் செல்வாக்கைக் காட்டப் போதுமானவை. 1776 சூலை 4 விடுதலை அறிவிப்பும் குற்றச்சாட்டுகளை மன்னர் மீதே அடுக்குகிறது; பாராளுமன்றம் என்ற சொல்கூட அதில் இல்லை. எனினும் போரும் மன்னரின் பிடிவாதமும் இன்றி இந்நூல் மட்டும் பிரிவை உண்டாக்கியிருக்க இயலாது.

குறைகள்

பெய்ன் முன்வைத்த ஆட்சி அமைப்பில் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு போதாது என்று, விடுதலையை ஆதரித்த ஜான் ஆடம்சே கண்டித்தார். அதைவிடப் பெரிய குறை, ‘நாம்’ என்ற சொல்லின் எல்லை. பிறப்பால் உயர்வு இல்லை என்று வாதிடும் நூல், பிறப்பாலேயே அடிமைகளாக்கப்பட்டோரின் விடுதலையைக் கோரவில்லை. மாறாக, தொல்குடியினரையும் கறுப்பினத்தவரையும் தங்களுக்கு எதிராகத் தூண்டிவிட்டதாகப் பிரித்தானியாவைச் சாடுகிறது. பிரித்தானியர் பக்கம் சேரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாக வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில் அறிவித்திருந்ததை நினைவிற்கொண்டால் இவ்வரியின் பொருள் விளங்கும். பெய்ன் அடிமை முறையை எதிர்த்தவர் என்பதால் இது மேலும் உறுத்துகிறது. குடியேற்றங்களை ஒன்றுசேர்க்கும் அவசரத்தில் அவர்களை அவர் வெளியே நிறுத்திவிட்டார். மன்னராட்சிக்கு எதிராக அவர் வைத்த அதே வாதம் அடிமை முறைக்கும் பொருந்தும் என்பதை இந்நூலைப் படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.