ஓலைக் காற்றாடியும் சார்ட் பேப்பரும்: சிறுவர் வாசிப்பில் கைவேலையின் இடம்

ஒரு கதையைப் படித்து முடித்ததும் அதனோடு தொடர்புடைய ஏதேனும் ஒன்றைத் தாளிலோ களிமண்ணிலோ ஓலையிலோ சிறுவர்களைச் செய்யவைக்கும் வழக்கம், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் மாலைநேரக் கற்றல் மையங்களிலும் நூலகங்களின் கோடை முகாம்களிலும் இன்று வேரூன்றிவிட்டது. வாசிப்பு சலிப்பூட்டாமல் இருக்கும், பிள்ளைகளின் கற்பனை வளரும், விரல்களுக்குப் பயிற்சி கிடைக்கும் என்று அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் யாவரும் அறிந்தவை. அவற்றை மறுப்போரும் அரிது. மறுப்போர் இல்லாத வழக்கங்கள் ஆராயப்படாமலேயே பழகிப்போகின்றன என்பதால், கைவேலை வாசிப்புக்கு எப்போது துணைநிற்கிறது, எப்போது வாசிப்பின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது என்ற கேள்வியைப் புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து எழுப்பிப் பார்க்கலாம். சிறுவர் எழுத்துக்கும் மக்கள் கல்விக்கும் மண் வேலைக்கும் ஒருசேரப் பேர்பெற்ற மாவட்டம் அது.

குழந்தைக் கவிஞர் எனப்பட்ட அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்த இராயவரம் இம்மாவட்டத்து ஊர். சமஸ்தானக் காலத்தின் கடைசி ஆண்டுகளில் சிறுவர் இதழ்கள் பல புதுக்கோட்டையிலிருந்து அச்சாகித் தமிழகமெங்கும் சென்றன. பிற்காலத்தில், 1991இல், அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில் இங்கு வளர்ந்த அறிவொளி இயக்கம், கல்குவாரிப் பெண்களும் வயல்வேலைக்குச் செல்லும் பெண்களும் மாலையில் கூடி எழுத்துக் கற்ற இயக்கமாக மட்டும் நில்லாமல், பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்ற இயக்கமாகவும் ஆனது. இந்தச் செய்தி பெண் விடுதலையின் வரலாற்றில் அடிக்கடி பேசப்படுகிறது. கல்விமுறையின் வரலாற்றில் அதற்குரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை. எழுத்தையும் உடலால் செய்யும் ஒரு செயலையும் இணைப்பதென்றால் என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. அங்கே மிதிவண்டி பாடத்தின் முடிவில் ஒட்டப்பட்ட அலங்காரம் அன்று. எழுத்தறிந்த பெண்ணுக்கு அடுத்த ஊர் வரை தானே போய்வரும் தேவை இருந்தது. மிதிவண்டி அத்தேவையை நிறைவேற்றியது. போன இடத்தில் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டியிருந்ததால் அது அவளை மீண்டும் எழுத்தினிடமே கொண்டுவந்தும் விட்டது.

வாசிப்போடு சேர்க்கப்படும் எந்தக் கைவேலையையும் இந்த அளவுகோலால் அளப்பதே நேர்மையானது. செய்து முடித்த பிள்ளை, அல்லது செய்துகொண்டிருக்கும் பிள்ளை, நூலை நோக்கித் திரும்புகிறதா என்பதே முதல் கேள்வி. செய்த பொருள் அழகாக இருக்கிறதா என்பது அதற்குப் பிறகு வர வேண்டியது. சில வேளை வராமலே போகலாம்.

கைவழிக் கல்வி என்ற கருத்து இங்கு புதிதாக இறக்குமதியானதும் அல்ல. ஜெர்மனியில் 1837இல் பிரீட்ரிக் ஃப்ரோபெல் தொடங்கிய மழலையர் பள்ளியில், கட்டைகள், பந்து, மடிக்கும் தாள் போன்றவை 'கொடைகள்' என்ற பெயரில் பிள்ளைகளின் கையில் கொடுக்கப்பட்டன. கையால் தொட்டு அடுக்கி மடிக்கும்போதே வடிவமும் எண்ணும் மனத்தில் பதியும் என்பது அவர் கொள்கை. அக்கொடைகளுள் ஒன்றான தாள் மடிப்பைக் கண்டு தூண்டுதல் பெற்ற சென்னை மாகாண வருவாய்த் துறை அலுவலர் டி. சுந்தர ராவ், சதுரத் தாளை மடித்தே வடிவியலின் தேற்றங்களைக் காட்டும் நூலொன்றை 1893இல் சென்னையில் வெளியிட்டார். கணித உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் அந்நூலைத் தாளைக் கையில் எடுக்காமல் படிக்க முடியாது. நூலைத் திறக்காமல் அந்த மடிப்புகளைச் செய்யவும் முடியாது. நூலும் கைவேலையும் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருக்கும் இந்த நிலைதான் இவ்வழக்கத்தின் உச்சம். இன்றைய வகுப்பறைகளில் அரிதாகக் காணப்படுவதும் இதுவே.

பனையோலைக் காற்றாடியை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஓலைக் கீற்றுகளைக் குறுக்காகக் கோத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, முள்ளின் நுனியைச் சோளத்தட்டையின் நெட்டியில் செருகினால் காற்றாடி ஆயிற்று என்று நான்கே வரியில் ஒரு நூல் சொல்லிவிடும். அவ்வரிகளைப் படித்துவிட்டுச் செய்யும் எட்டு வயதுப் பிள்ளையின் காற்றாடி முதல் முறை சுற்றுவதில்லை. துளை முள்ளைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும், இதழ்கள் நான்கும் ஒரே போக்கில் சாய்ந்திருக்க வேண்டும், ஓலை காய்ந்து முறுகியதாகவும் இருக்கக்கூடாது, சொதசொதவென்று பச்சையாகவும் இருக்கக்கூடாது. சுற்றாத காற்றாடியைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை மறுபடி நூலைப் பார்க்கும்போது, முதலில் கண் ஓடிக் கடந்த 'சற்றே சாய்த்து' என்ற சொற்கள் இப்போது கண்ணில் படுகின்றன. ஒரு சொல்லை விட்டுவிட்டுப் படித்தால் என்ன ஆகும் என்பதை எந்த ஆசிரியரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்க இயலாது. நூல் சொல்லாமல் விட்டதை வீட்டிலுள்ள அப்பத்தாவோ மாமாவோ சொல்லித்தர, நூலுக்கு வெளியேயும் அறிவு இருக்கிறது என்பதும் அதே மாலையில் தெரிந்துவிடுகிறது.

கதை நூல்களிலும் இதற்கு இடமுண்டு. ஒரு சிறுவனும் குதிரையும் வரும் காட்சியைக் களிமண்ணில் பிடிக்கச் சொன்னால், குதிரைக்குச் சிறுவன் எவ்வளவு உயரம், அவன் எந்தப் பக்கம் நிற்கிறான், கயிறு எந்தக் கையில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குள் வழக்கு எழும். வழக்கைத் தீர்க்கப் பக்கத்தைப் புரட்டியே ஆக வேண்டும். கதையாசிரியர் சொல்லாமல் விட்ட இடங்களைப் பிள்ளையே நிரப்பவும் வேண்டியிருக்கும். படைப்பு வாசிப்பு என்று திறனாய்வாளர்கள் பெரிய பெயர் இட்டு அழைப்பது இதைத்தான்.

நடைமுறையில் மிகுதியாகக் காணக்கிடைப்பதோ வேறொன்று. முயலைப் பற்றிய கதை படிக்கப்படுகிறது. உடனே முயல் முகமூடிக்கான தாள் கொடுக்கப்படுகிறது. முப்பது பிள்ளைகளும் ஒரே அச்சில் வரையப்பட்ட கோட்டின்மேல் கத்தரித்து, ஒரே இடத்தில் பஞ்சை ஒட்டி, முப்பது ஒரே முயல்களோடு புகைப்படத்துக்கு நிற்கிறார்கள். கதையில் வந்த முயல் கோழையா, தந்திரக்காரனா, பசியோடிருந்ததா என்பது அந்த முகமூடிக்குத் தேவைப்படவே இல்லை. முயலைப் பற்றிய எந்தக் கதைக்கும் அந்த முகமூடி பொருந்தும். எல்லாக் கதைக்கும் பொருந்துவது ஒரு கதைக்கும் உரியதன்று. நாற்பது நிமிடப் பாடவேளையில் படிப்புக்குப் பத்து நிமிடமும் வெட்டி ஒட்ட முப்பது நிமிடமும் போகும்போது, வாசிப்பு வகுப்பு என்ற பெயர் மட்டுமே எஞ்சுகிறது.

வீட்டுக்கு அனுப்பப்படும் 'புராஜெக்ட்' இதைவிடச் சிக்கலானது. இரவு எட்டு மணிக்கு மேல் சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் பெவிகாலும் தேடி ஸ்டேஷனரிக் கடைக்கு ஓடும் பெற்றோரையும், பிள்ளை தூங்கியபின் உட்கார்ந்து அதைச் செய்துமுடிக்கும் அம்மாக்களையும் தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரமும் அறியும். மறுநாள் வகுப்பில் மதிப்பிடப்படுவது பிள்ளையின் வாசிப்பு அன்று. வீட்டின் வசதியும் பெற்றோரின் ஓய்வுநேரமுமே. தாய் தந்தை இருவரும் வேலைக்குச் சென்று இருட்டியபின் திரும்பும் வீட்டுப் பிள்ளை, நூலை நன்றாகப் படித்திருந்தாலும், நோட்டுத் தாளில் வரைந்த படத்தோடு கூனிக்குறுகி நிற்க நேர்கிறது.

இனி, தமிழகத்தில் பள்ளிக் கைவேலை பற்றிய எந்தப் பேச்சும் தவிர்க்கக்கூடாத ஒன்று உண்டு. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்றல், நெசவு போன்ற ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து மற்றப் பாடங்களைக் கற்பிக்க முயன்றது. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமப்புறப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. 'குலக்கல்வி' என்று பெயர்பெற்ற அத்திட்டத்தைப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைவேலையைப் பள்ளிக்குள் கொண்டுவருவோர் நல்லெண்ணத்தோடு கொண்டுவந்தாலும், எந்தப் பிள்ளைக்கு அது விளையாட்டு, எந்தப் பிள்ளைக்கு அது தப்பித்து ஓட வேண்டிய விதி என்ற கேள்வி அந்நாள் முதல் இங்கு கூடவே வருகிறது.

புதுக்கோட்டையில் இக்கேள்வி களிமண்ணின் உருவில் நிற்கிறது. இம்மாவட்டத்து அய்யனார் கோயில்களின் முன் வரிசை வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகள் வேளார் எனப்படும் குயவர் குடும்பங்களின் கைவண்ணம். புரவி எடுப்பு எனப்படும் திருவிழாவுக்கு ஊரார் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பதே தொடக்கம். 'பிடிமண் கொடுத்தல்' என்பது அதன் பெயர். மண்ணோடு மணலும் வைக்கோலும் கலந்து பிசைந்து, கால்களைக் குழல்போல முதலில் நிறுத்தி, அவை இறுகியபின் உடலைக் கட்டி எழுப்பி, நிழலில் உலர்த்திச் சுடும் அந்த முறையில் பொறியியலும் உண்டு, பொறுமையும் உண்டு. மாவட்டத்துப் பள்ளிகளில் சிறுவர்கள் பிடிக்கும் களிமண் பொம்மைகளுக்கும் இக்குதிரைகளுக்கும் இடையே பெரும்பாலும் எந்தப் பாலமும் இல்லை. சார்ட் பேப்பருக்குச் சாதி இல்லை, அழுக்கும் இல்லை; களிமண்ணுக்கு இரண்டும் உண்டு என்று பள்ளி கருதுவதுபோலத் தோன்றுகிறது. குலக்கல்விக்கு அஞ்சி வேளாரின் திறனை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, அத்திறனுக்கு உரிய மதிப்பையும் வெளியே நிறுத்திவிடுகிறது. வேளார் வீட்டுப் பிள்ளையை மட்டும் மண் பிசையச் சொல்வதுதான் குலக்கல்வி. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் மண் பிசைந்து, வேளாரை ஆசிரியரின் நாற்காலியில் உட்காரவைத்து, அவர் சொன்னதை எழுதி ஒரு சிறு நூலாக்கினால் அது அதற்கு நேர்மாறானது. பின்னதில் நூல் கைவேலையிலிருந்து பிறக்கிறது. கதையிலிருந்து பொம்மைக்குப் போகும் வழக்கமான பாதையைவிட அந்தத் தலைகீழ்ப் பாதை வளமானது.

காகிதத்தைக்கூட வேரற்ற பொருள் என்று இம்மாவட்டத்தில் சொல்லிவிட முடியாது. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் முன் நிற்கும், 33 அடி உயரமென்று சொல்லப்படும் குதிரைச் சிலைக்கு, மாசிமகத்தன்று பக்தர்கள் காகிதப்பூ மாலைகளை நேர்த்திக்கடனாகச் சாத்துகிறார்கள். அத்தனை உயரமான குதிரையைப் பல நிறக் காகிதம் மூடிவிடுகிறது. காகிதத்தை மடித்து, நறுக்கி, நூலில் கோத்து, ஆளுயரத்தைக் கடந்த மாலையாக்கும் கைகள் அப்பகுதியிலேயே உள்ளன. காகிதக் கைவேலை கற்பிக்கும் பயிற்சிக் கையேடுகள் ஜப்பானிய ஒரிகாமியை அறிந்த அளவு இந்த மாலையை அறிந்ததாகத் தெரியவில்லை.

அரசு முயற்சிகளைப் பொறுத்தவரை, நல்ல நூல்கள் வந்திருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலர்களைக் கொண்டு மாலைநேரங்களில் திண்ணைகளிலும் மரத்தடிகளிலும் கதை, பாட்டு, கைவேலை மூன்றையும் கலந்து நடத்தியது. அதன்பின் வந்த வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று நிலை பிரித்துச் சிறு சிறு கதை நூல்களைப் பள்ளிகளுக்கு அளித்தது; பாடநூலின் வாடை இல்லாத நூல்கள் அவை. ஊஞ்சல், தேன்சிட்டு ஆகிய இதழ்களும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே வந்தன. ஆட்கள் விஷயத்தில்தான் குறை. 2012இல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி முதலியவற்றுக்காக அமர்த்தப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்தில் மூன்று அரைநாள் வேலைக்கு 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள். அவர்களும் நடுநிலை வகுப்புகளுக்கே. வாசிப்பும் கைவேலையும் மிகுதியாகத் தேவைப்படும் தொடக்கப் பள்ளியில், ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் இடத்தில், பிள்ளைகளை அமைதியாக உட்காரவைக்க முயல் முகமூடியைவிட எளிய வழி கிடைக்காமல் போனால் அந்த ஆசிரியர்களைக் குறைகூறுவது முறையன்று. 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழா, களிமண் சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேடை அமைத்தது பெரிய பேறுதான். ஆனாலும் போட்டி என்று வந்துவிட்டால் முதலில் பயிற்சி பெறுவது ஏற்கெனவே வல்ல கை. சுற்றாத காற்றாடிக்குப் பரிசு இல்லை. கற்றல் நிகழ்ந்ததென்னவோ அந்தக் காற்றாடியில்தான்.

கடைசியாக எஞ்சுவது அலமாரிச் சாவி. நூல் தொலைந்தால், கிழிந்தால், தணிக்கையின்போது கணக்குச் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர் என்பதால், வந்த நூல்கள் பல பள்ளிகளில் இருப்புப் பதிவேட்டில் ஏறி, முத்திரை குத்தப்பட்டு, பீரோவுக்குள் பூட்டப்படுகின்றன. பசையும் மண்ணும் அப்பிய கையோடு ஒரு பிள்ளை பக்கத்தைப் புரட்டினால்தான் இந்த வழக்கத்துக்குப் பொருள் உண்டு; அப்படிப் புரட்டப்பட்ட நூலோ ஓராண்டுக்கு மேல் தாங்காது. இருப்புப் பதிவேட்டில் வரவு, செலவு, இழப்பு ஆகியவற்றுக்குப் பத்தி உண்டு. படித்தே நைந்துபோன நூலை எந்தப் பத்தியில் எழுதுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.