துறவும் தனிமையும்: பாமாவின் ‘கருக்கு’

பாமாவின் ‘கருக்கு’ (1992) தலித் தன்வரலாறாகவும் திருச்சபைக்குள் நிலவும் சாதியின் மீதான விமர்சனமாகவுமே பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. அதன் கதைசொல்லி மணமாகாத கிறித்தவப் பெண் என்பது போதிய கவனம் பெறவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்க விரும்பி, ஆசிரியப் பணியைத் துறந்து கன்னியர் மடத்தில் சேரும் அவள், அவ்விருப்பம் அங்கு நிறைவேறாமையால் வெளியேறுகிறாள். மணமின்மை இரு நிலைகளிலும் ஒன்றே; மதிப்பு மட்டும் மாறுகிறது. மடத்தினுள் அது போற்றத்தக்க துறவு. வெளியே ஐயத்திற்குரிய தனிமை. எனவே கற்பு வார்த்தைப்பாட்டைக் காட்டிலும் நிறுவனத்தின் காவலையே சமூகம் மதிக்கிறது எனலாம். தனித்து வாழும் பெண்ணின் இடர்களைச் ‘சங்கதி’யும் (1994) பேசுவது இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

எனினும் கதைசொல்லியின் ஏக்கத்தைக் கணவனுக்கான ஏக்கமாகக் கொள்வது பொருந்தாது. அவள் வேண்டுவது தன் மக்களோடு ஒட்டி வாழ்தல். மடத்து வாழ்வின் பழக்கங்களோ அவளை அவர்களிடமிருந்தும் விலக்கியுள்ளன. நிகழ்வுகள் காலவரிசையின்றி மீண்டும் மீண்டும் சொல்லப்படுவதையும், மணத்திலோ துறவிலோ கதை நிறைவுறாமையையும் இந்நிலையோடு இணைத்தே காண வேண்டும். சாதியை முதன்மைப்படுத்தும் வாசிப்பை இது மறுக்கவில்லை. மடத்தை விட்டு வந்த தலித் பெண்ணுக்குத் திரும்பிச் செல்லும் இடமும் எளிதில் வாய்ப்பதில்லை என்பதை அதனோடு சேர்க்கிறது.