கோப்பைகளும் குழிகளும்

பாரிஸில் எனக்குக் கிடைத்த முதல் வேலை கோப்பை கழுவுவது. இப்போது மரக்கறி வெட்டவும் விடுகிறார்கள். ஆனாலும் இரவு பதினொரு மணிக்குப் பிறகு எல்லாக் கைகளும் தொட்டிக்குள்தான். வரலாற்றுப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன் நான். ஆகவே இதை ஓர் அறிஞனின் கட்டுரையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரேதத்தோடு புதைக்கப்பட்ட பாத்திரங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றை, பாத்திரம் கழுவுகிற ஒருவன் வாசித்தபோது வந்த கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோபம் தொடங்கியது சத்தியோன்-சூர்-சென் நூதனசாலையில். பக்கத்து ஊரான விக்ஸில் 1953இல் ரெனே ஜொஃபுருவா தோண்டிய புதைகுழியின் பொருட்கள் அங்கே இருக்கின்றன. கி.மு. 500 அளவில் இறந்த ஒரு பெண். கழுத்தில் பொன் வளையம், சக்கரங்கள் கழற்றப்பட்ட வண்டி, பக்கத்தில் ஒரு வெண்கல அண்டா. கிரேக்கக் கைவேலை, திராட்சை மதுவையும் தண்ணீரையும் கலக்கும் பாத்திரம். உயரம் 1.64 மீற்றர், எடை 208 கிலோ, கொள்ளளவு ஏறக்குறைய 1,100 லீற்றர். மூடியே ஒரு வடி. எங்கள் சமையலறையின் மிகப்பெரிய சூப் பானை 50 லீற்றர். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

இதைப் பார்க்கிற எவனுக்கும் முதலில் வரவேண்டிய கேள்வி, இவ்வளவும் யாருக்கு ஊற்றப்பட்டது என்பது. ஆய்வாளர்கள் கேட்டது வேறு: ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பெரிய பாத்திரம் எப்படி? ஸ்பின்ட்லர் என்ற ஆய்வாளர், இறந்தவர் பெண் அணிகலன் பூண்ட ஆண் பூசகர் என்றுகூட எழுதினார். எலும்புகளை ஆராய்ந்தவர்கள் பெண் என்றே சொன்னார்கள். ஜெர்மனியில் ஸ்ருட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஹொக்டோர்ஃபில், ஏறக்குறைய அதே காலத்து ஆணின் குழியில் 500 லீற்றர் அண்டா ஒன்று கிடைத்தது (1978-79). கூடவே ஒன்பது குடிகொம்புகள், ஒன்பது வெண்கலத் தட்டுகள். அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பந்தி வைத்த தலைவன் என்று உடனே ஒத்துக்கொண்டார்கள். 500 லீற்றர் வைத்திருந்தவன் தலைவன், 1,100 லீற்றர் வைத்திருந்தவள் புதிர்!

எங்கள் ஆட்களும் குறைந்தவர்களில்லை. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டைப் புதைகுழியைத் தோண்டியபோது கிடைத்த முத்திரையின் மூன்று எழுத்துகளைப் பற்றி எவ்வளவு எழுதிவிட்டோம். அங்கே கிடைத்த மட்பாண்டங்களோ எங்கள் தொன்மைக்கான பிறப்புச் சான்றிதழாக மட்டும் நிற்கின்றன. அவற்றில் சமைத்தது யார் என்று கேட்க எங்களுக்கு நேரமில்லை.

இந்தப் பெரிய சாமான்களுக்குப் பிறகுதான் கொஷே பாதிரியாரின் நூல்கள் கையில் கிடைத்தன. நோர்மண்டியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பழைய சவக்காலைகளைத் தோண்டியவர். சாதாரண கிறிஸ்தவர்களின் குழிகளிலும் சிறு மண்பானைகள் இருப்பதை அவர் திரும்பத் திரும்பக் கண்டார். பானையின் வயிற்றில் துளைகள், உள்ளே கரித்துண்டுகள். குழியில் தலைமாட்டிலா கால்மாட்டிலா கிடந்தது என்றுகூடக் குறித்துவைத்தார். அந்தப் பொறுமைக்காக அவரை நான் மதிக்கிறேன்.

இறந்தவருக்கு மறுமையில் உணவு என்ற வழக்கமான விளக்கம் இங்கே செல்லாது. ஓட்டைப் பானையில் எவரும் கஞ்சி வைப்பதில்லை. கரியின் மேல் சாம்பிராணி போட்டு, புகையும் பானையைச் சவப்பெட்டியைச் சுற்றி வைப்பார்கள். மத்தியகாலச் சித்திரங்களில் மெழுகுதிரிகளுக்கு நடுவே அது தெரியும். பிறகு குழிக்குள் இறக்கிவிடுவார்கள். சடங்கு நூல் எழுதிய குய்யோம் துய்ரான் என்ற 13ஆம் நூற்றாண்டு ஆயர் காரணங்களும் தருகிறார்: தீர்த்தம் பேய்களை விலக்க, தூபம் நாற்றத்தைத் தடுக்க, கரி இந்த நிலத்தை இனி வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பதன் அடையாளமாக.

கரிக்குக் காரணம் சொல்லியாயிற்று. பானைக்கு?

இந்தப் பானைகளில் பல தூபத்துக்கென்று செய்யப்பட்டவை அல்ல. சுட்டு முடிந்து, வீட்டில் பாவித்து, அதன்பிறகு ஆணியாலோ கத்தியாலோ குத்தப்பட்டவை. அக்காலத்துப் பிரெஞ்சுச் சமையற்பானையை நெருப்பின் பக்கத்தில் வைப்பார்கள். அதனால் கைபிடிக்கு எதிர்ப்பக்கம் மட்டும் கரி ஏறும். அந்த ஒருபக்கக் கரி சாம்பிராணிப் புகையால் வந்ததல்ல, வருடக்கணக்கான சமையலால் வந்தது. கழுவுகிறவனுக்கு அது உடனே தெரியும். ஆயரின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு குழியைப் பார்ப்பவருக்குக் கரியும் தூபமும் தெரியும். யாரோ ஒருத்தி தன் அடுப்படியிலிருந்து ஒரு நல்ல பானையை எடுத்துத் துளைத்துக் கொடுத்தது தெரியாது. பழைய பானைதானே, மலிவானது, ஆகவே கொடுத்தார்கள் என்று சொல்லலாம். சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

துளைத்த பானை எனக்குப் புதிதுமல்ல. அப்பா 2016இல் காலமானபோது என்னிடம் விசாவும் இல்லை, போகும் வழியும் இல்லை. கொள்ளிக்குடத்தைச் சித்தப்பாவின் மகன் தூக்கினான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து, தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கைபேசியில் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு துளை, மூன்று சுற்று, தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. உடல்தான் குடம், உயிர்தான் தண்ணீர் என்று எங்கள் பெரியவர்களும் துய்ரானைப் போல விளக்கம் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு விளக்கமும் ஞாபகத்தில் இல்லை. குடம் எங்கே வாங்கினது என்றுதான் பிறகு அம்மாவிடம் கேட்டேன். சந்தையில், புதுசு என்றா.

அப்பா தேத்தண்ணி குடிக்கிற பித்தளை மூக்குப்பேணியைப் பெட்டிக்குள் வைக்கட்டோ என்று அம்மா கேட்டிருக்கிறா. எரிக்கிற பிரேதத்தோட பித்தளை எதுக்கு மச்சாள், கழுவிப் பாவியுங்கோ என்று மாமா வாங்கி வைத்துவிட்டார். அம்மா அதைக் கழுவினா. தட்டில் கவிழ்த்து வைத்தா. இன்றுவரை அதில் ஒருவரும் குடிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எடுத்தால் வாங்கி மறுபடி கவிழ்த்துவிடுகிறாவாம்.

கொஷே கண்ட பானைகளில் ஒன்றையாவது இப்படித்தான் யாரோ வீட்டில் வைத்திருக்க முடியாமல் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது. ஆனால் கரி எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது, துளை சுடுமுன் போட்டதா சுட்டபின் போட்டதா என்று பார்க்க முடியும். கொஷே 1867 முதல் பொறுப்பாக இருந்த தொல்பொருள் நூதனசாலை ருவானில் இருக்கிறது. அந்தப் பக்கம் இருக்கும் வாசகர்கள் யாராவது போனால், துளைப் பானை கண்ணில் பட்டால், கைபிடிக்கு எதிர்ப்பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.