சாக்கோவில் ஒரு பகலும் ஓர் இரவும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள சாக்கோ பள்ளத்தாக்குக்குப் போவதென்றால் ஓர் இரவாவது தங்குவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வழியில் கடைசி இருபது கிலோமீட்டர் மண்சாலை. ஜூலை, ஆகஸ்ட் மழையில் அது சேறாகிவிடும். உள்ளே ஓட்டலும் இல்லை, பெட்ரோல் பங்க்கும் இல்லை. தண்ணீர் பார்வையாளர் மையத்தில் கிடைக்கும்; சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். கூடாரம் அடிக்கும் இடத்துக்கு முன்பதிவு தேவை. சுமார் 1,900 மீட்டர் உயரம் என்பதால், பகலெல்லாம் காய்ந்த பாலை இரவில் நடுங்க வைக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் உத்தமம்.

சாக்கோவில் முதலில் பார்க்க வேண்டியது பியூப்லோ போனிட்டோ. பியூப்லோ மக்களின் முன்னோர் ஏறத்தாழ பொ.ஆ. 850 முதல் 1150 வரை கட்டிய மாளிகை. அறுநூறுக்கும் மேற்பட்ட அறைகள். சில இடங்களில் நான்கு மாடி உயரம். அறைகளை எண்ணிக்கொண்டு விரைந்து நடப்பவர்களுக்கு இது வெறும் இடிபாடு. ஒரே சுவரின் முன் கால் மணி நேரம் நில்லுங்கள். அதுவும் மாலை வெயில் சாய்ந்து விழும் நேரமாகப் பார்த்து.

பழைய பகுதிகளில் தட்டையான மணற்கற்களுக்கு இடையே சேற்றுச் சாந்து தாராளமாகத் தெரியும். பிந்தைய சுவர்களில் சாந்து கண்ணில் படாத அளவுக்குக் கற்கள் நெருங்கிவிடுகின்றன. பெரிய கல் ஒரு வரிசை, சில்லுக் கல் சில வரிசை என்று நெசவுக்கரை போல அடுக்கியிருக்கிறார்கள். சுவருக்குள்ளே கல்லும் மண்ணும் கலந்த நிரப்பு, இருபுறமும் செதுக்கிய கல் முகம். மேலே போகப்போகச் சுவரின் தடிமன் குறையும். இத்தனை அழகாக அடுக்கிவிட்டு, அதன் மேல் பூச்சும் பூசி மறைத்துவிட்டார்கள்! சாக்கோவில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். பார்ப்பவர் கண்ணுக்காக மட்டும் செய்த வேலையாக இது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரங்களின் முனைகளைக் கவனியுங்கள். மரங்கள் அரிதான இந்தப் பள்ளத்தாக்குக்கு, எழுபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சுஸ்கா, சூனி மலைகளிலிருந்து மரம் வந்திருக்கிறது. சக்கரம் இல்லை, இழுக்க மாடோ குதிரையோ இல்லை. எல்லாம் மனிதர் சுமந்தது. இந்த மரங்களின் வளைய வரிசையை இன்று வரையிலான ஆண்டுகளோடு 1929இல் மரவளைய ஆய்வாளர் டக்ளஸ் இணைத்த பிறகுதான், கட்டடத்தின் வயதை ஆண்டுக் கணக்கில் சொல்ல முடிந்தது.

பின்புறம் கிடக்கும் பெரும்பாறைகளையும் தவறவிடாதீர்கள். மலைமுகட்டிலிருந்து பிரிந்து நின்ற ஒரே பாறையின் துண்டுகள் அவை. அது விழாமலிருக்கப் பழங்குடியினர் அடியில் முட்டுக்கொடுத்திருந்தார்கள். 1941 ஜனவரியில் அது சாய்ந்து சுமார் முப்பது அறைகளை நொறுக்கியது.

நடக்கும்போது சுவர்மீது ஏறவோ, காலடியில் தட்டுப்படும் பானை ஓட்டை எடுக்கவோ கூடாது. ஹோப்பி, சூனி முதலிய மக்களுக்கு இது இன்றும் முன்னோர் வாழும் இடம். கோடைச் சங்கிராந்தியில் சுருள் செதுக்கலின் நடுவே ஒளிக்கீற்று இறங்கிய ஃபஹாடா குன்றில் ஏறத் தடை உண்டு. அது நியாயமான தடை, தொலைவிலிருந்தே பாருங்கள்.

இரவுக்கு அமாவாசையை ஒட்டிய நாள் வாய்த்தால் நல்லது. செயற்கை வெளிச்சம் அண்டாத வானத்துக்காக 2013இல் தனி அங்கீகாரம் பெற்ற இடம் இது.

மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், பாறைப் பிளவின் வழியே மேட்டுக்கு ஏறுங்கள். நுழைவிடத்தில் இலவச அனுமதிச் சீட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கீழிருந்து பிடிபடாத, பியூப்லோ போனிட்டோவின் அரைவட்ட வடிவம் மேலிருந்து முழுதாகத் தெரியும். அதைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்கும் சுவர் வடக்கு தெற்காகக் கச்சிதமாக ஓடுகிறது. அங்கிருந்து மேட்டின் மேலேயே உள்ள பியூப்லோ ஆல்டோ இடிபாட்டுக்கு நடந்தால், பாறையில் வெட்டிய படிகளையும் பழைய சாலைகளின் தடத்தையும் காணலாம். அவற்றில் சில ஒன்பது மீட்டர் அகலம். வண்டியே இல்லாத மக்களுக்கு அத்தனை அகலம் எதற்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.