கோதுமை போன கப்பலும் அரிசி வந்த கப்பலும்

தாது வருஷப் பஞ்சம் (1876-78) பற்றிப் பேச்சு வந்தாலே, மைக் டேவிஸ் 2001-ல் எழுதின 'லேட் விக்டோரியன் ஹாலோகாஸ்ட்ஸ்' புத்தகத்தைத்தான் காட்டுறாங்க. காட்ட வேண்டிய புத்தகம்தான். மழை பொய்த்தது இயற்கை, லட்சக்கணக்கில் சாகவிட்டது ஆட்சி என்பதை அது ஆதாரத்தோடு சொல்கிறது.

ஆனால் படித்தவர்கள் மனசில் தங்குவது ஒரே படம்: இங்கே ஜனங்க சாக, கோதுமை கப்பலேறி லண்டன் போச்சு. அதனால் 'உலக வணிகம்தான் கொன்றது' என்று முடித்துவிடுகிறார்கள். இந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை.

முதல் விஷயம், அந்தக் கோதுமை பெரும்பாலும் வட இந்தியாவில் விளைந்தது. மெட்ராஸ் மாகாணத்துக் கூலிக்காரர் சாப்பிட்டது கம்பு, கேழ்வரகு, சோளம்.

அடுத்தது, மெட்ராஸுக்குத் தானியம் வராமல் இல்லை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கடல்வழியே அரிசி வந்து, கடற்கரையில் குவிந்து கிடந்தது. விளைச்சலோடு கூலியும் போனவர்களால் அதை வாங்க முடியவில்லை, அவ்வளவுதான். 1981-ல் அமர்த்தியா சென் வங்கப் பஞ்சத்தை வைத்துச் சொன்னதும் இதைத்தான்.

மூன்றாவது, ரிச்சர்ட் டெம்பிள். 1873-74 பிகார் பஞ்சத்தில் அரசே பர்மாவில் சுமார் நாலரை லட்சம் டன் அரிசி வாங்கி இறக்கியது. சாவு மிகக் குறைவு. 'இவ்வளவு செலவா?' என்று திட்டு வாங்கிய டெம்பிள், 1877-ல் மெட்ராஸ் வந்து நிவாரணக் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று வெட்டினார். டேவிஸே இதை விரிவாக எழுதுகிறார். ஆனால் இதிலிருந்து வரும் முடிவுக்குப் புத்தகத்தில் போதிய அழுத்தம் இல்லை. அதே பர்மா அரிசி, அதே அதிகாரி. மாறினது, யார் காசு கொடுத்தாங்க என்பது மட்டுமே.

டேவிஸ் பக்கமும் நியாயம் இருக்கு. ரயிலும் தந்தியும் வறட்சியில்லாத ஊரிலும் விலையை ஏற்றின என்கிறார், அது சரி. வணிகம் காசு இருக்கிற இடத்துக்குத்தான் ஓடும்.

ஆனால் அதற்கு மருந்து துறைமுகத்தைப் பூட்டுவதா? 2007-08-ல் உலக நெல் விளைச்சல் குறையவே இல்லை. இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைத் தடுத்தன. பிலிப்பைன்ஸ் பதறிப்போய் வாங்கிக் குவித்தது. சில மாதத்தில் அரிசி விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. அடி விழுந்தது இறக்குமதியை நம்பியிருந்த ஏழை நாடுகளுக்கு.

அதனால் இந்தப் புத்தகத்தைப் படிக்கிறவங்க, கோதுமை போன பக்கங்களோடு பிகார் பக்கங்களையும் சேர்த்துப் படிங்க.