இரண்டு அறிக்கைகளும் விடுபட்ட கணக்கும்

அறிவியலார் தமக்குள் மாறுபடுவது புதிதன்று. அம்மாறுபாடு பெரும்பாலும் ஆய்விதழ்களுக்குள்ளும் கருத்தரங்குகளுக்குள்ளும் அடங்கிவிடும். 2020-ஆம் ஆண்டு அக்டோபரிலோ அது வீதிக்கு வந்தது. கோவிட்-19 கொள்ளைநோய் உலகை உலுக்கிக் கொண்டிருந்த அந்த மாதத்தில், பத்து நாள் இடைவெளியில் இரண்டு அறிக்கைகள் வெளியாயின. ஒன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் கையெழுத்தான கிரேட் பாரிங்டன் பிரகடனம். மற்றது, 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஜான் ஸ்னோ குறிப்பாணை. இரண்டும் அளவில் சிறியவை. ஆனால் ஊரடங்கு வேண்டுமா, வேண்டாமா என்ற உலக வாதத்தில் இரு கட்சிக்கும் இவையே கொடிகளாயின. கொதிப்பு அடங்கிய இன்று, இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் என்ன தெரிகிறது?

பிரகடனம் சொன்னது என்ன?

அக்டோபர் 4-ஆம் நாள் கையெழுத்தான பிரகடனத்தை எழுதியவர்கள் மூவர்: அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்ட்டின் குல்டோர்ஃப், ஆக்ஸ்போர்டின் சுனேத்ரா குப்தா, ஸ்டான்ஃபோர்டின் ஜெய் பட்டாச்சார்யா. மூவரும் துறை அறிந்தவர்கள். அவர்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது.

அவர்களின் வாதம் எளியது. இந்நோயால் இறக்கும் வாய்ப்பு முதியோருக்கு இளையோரைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். ஊரடங்கினால் படிப்பும் பிழைப்பும் பிற நோய்களுக்கான மருத்துவமும் கெடுகின்றன. ஏழைகளே அதிகம் நசுங்குகிறார்கள். எனவே முதியோரையும் நோயுற்றோரையும் மட்டும் காத்துக்கொண்டு, ஏனையோரை வழக்கம்போல் வாழவிட வேண்டும். அவர்களிடையே தொற்று பரவி மந்தை எதிர்ப்பாற்றல் தோன்றும். அது முதியோரையும் காக்கும்.

இதில் முதல் கூற்று உண்மையே. 2020-இல் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வின்படி, தொற்றியவர்களுள் இறப்போர் 25 வயதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒருவர். 85 வயதிலோ நூற்றுக்குப் பதினைவர். ஊரடங்கின் துயரமும் பொய்யன்று. 2020 ஏப்ரலில் உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் பள்ளி, கல்லூரிக்குச் செல்ல முடியாமல் இருந்தனர் என்பது யுனெஸ்கோவின் கணக்கு. அப்படியானால் பிரகடனம் எங்கே சறுக்குகிறது?

மந்தையின் கணக்கு

மந்தை எதிர்ப்பாற்றல் என்ற சொல் கால்நடை மருத்துவத்தில் பிறந்தது. 1923-இல் டாப்லி, வில்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சுண்டெலிக் கூட்டங்களில் நோய் பரவுவதை ஆராய்ந்து அச்சொல்லை நிலைபெறச் செய்தனர். அதன் பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நோயாளி ஒருவர் மூவருக்குத் தொற்றைத் தருகிறார் என்று கொள்வோம். அம்மூவரில் இருவர் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உடையவர்கள் என்றால் தொற்று ஒருவருக்கே செல்லும். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்ற அளவில் நின்றால் நோய் பெருகாது. ஆகவே மூன்றில் இரு பங்கினர் எதிர்ப்பாற்றல் பெறுவதே இந்த நோயின் எல்லைக்கோடு. ஒருவர் பன்னிருவருக்கும் மேற்பட்டோருக்குப் பரப்பும் தட்டம்மைக்கு இது நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டும்.

இப்போது ஒரு கோடி மக்கள் வாழும் நாடொன்றைக் கற்பனை செய்வோம். அவர்களுள் 20 இலட்சம் பேர் முதியோர். அவர்களைப் பிரித்துக் காக்கிறோம். மூன்றில் இரு பங்கு என்றால் ஏறத்தாழ 67 இலட்சம் பேருக்குத் தொற்ற வேண்டும். அதை மீதமுள்ள 80 இலட்சம் பேரிடமிருந்தே பெற வேண்டும். அதாவது ஆறில் ஐவர் நோயைத் தாங்க வேண்டும். ஆறு மாதத்தில் இது முடிய வேண்டுமானால் நாளொன்றுக்கு 37,000 பேருக்குத் தொற்றும். நூற்றுக்கு ஒருவருக்கே மருத்துவமனைப் படுக்கை தேவை என்று கொண்டாலும், நாள்தோறும் 370 புதிய நோயாளிகள். இவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் மட்டுமே இறந்தாலும் மொத்த மரணம் 6,700. சிறிய விகிதமும் பெரிய எண்ணால் பெருக்கப்பட்டால் சிறியதாக இருப்பதில்லை.

காவலில் உள்ள முதியோரின் நிலை என்ன? வேலியில் சிறு ஓட்டை விழுந்து பத்தில் ஒருவருக்குத் தொற்றியது என்போம். அது 2 இலட்சம் பேர். நூற்றுக்கு நால்வர் இறந்தால் 8,000 உயிர்கள். இவை விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்ட எண்களே. ஆனால் இத்தகைய கணக்கு ஒன்றைக்கூட பிரகடனத்தில் காணோம். அதுவே நமது முதற் குற்றச்சாட்டு.

கூட்டுக்குடும்பத்திற்கு ஒரே வரி

திட்டம் முழுவதும் முதியோரைக் காக்கும் வேலியையே நம்பியிருக்கிறது. அவ்வேலி எப்படி அமையும்? முதியோர் இல்லங்களில் நோய் கண்டு தேறியவர்களையே பணிக்கு வைக்கலாம், வீட்டிலிருக்கும் முதியோருக்கு மளிகைப் பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று சில யோசனைகள் உண்டு. தாத்தாவும் பாட்டியும் பேரக் குழந்தைகளும் ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பங்களுக்கு? அதற்கான விரிவான வழிகளைப் பொதுநல வல்லுநர்கள் வகுத்துவிட முடியும் என்ற உறுதிமொழி ஒரே வாக்கியத்தில் முடிகிறது. உலக மக்களில் பெரும்பகுதியினர் வாழும் முறைக்கு இவ்வளவே இடம்! ஏழைகளின் பெயரால் பேசும் அறிக்கை, ஏழைகளின் வீட்டில் எத்தனை அறைகள் இருக்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

வேலி கட்டுவது எளிதன்று என்பதற்கு ஸ்வீடன் சான்று. முழு ஊரடங்கை விரும்பாத அந்நாடு முதியோரைக் காப்பதைத் தன் குறிக்கோளாக அறிவித்திருந்தது. ஆயினும் முதியோரைக் காக்கத் தவறிவிட்டோம் என்று அந்நாட்டு அரசு அமைத்த ஆணையமே 2020 டிசம்பரில் கூறியது. அதே ஆணையம் 2022 பிப்ரவரியில் தந்த இறுதி அறிக்கையில், மக்களைக் கட்டாயப்படுத்தாமல் அறிவுரையால் நடத்திய போக்கு அடிப்படையில் சரியே என்றும், தொடக்கத்தில் இன்னும் கடுமையாக நடந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. உண்மை எந்தக் கட்சியின் கொடியிலும் முழுமையாக அடங்கவில்லை.

பிரகடனத்தின் மற்றோர் ஊகம், ஒருமுறை நோய் கண்டவரிடமிருந்து தொற்று மீண்டும் பரவாது என்பது. பிரேசில் நாட்டு மனாவுஸ் நகரம் இதைச் சோதித்துக் காட்டியது. அங்கே இரத்ததானம் செய்தோரின் குருதியை ஆராய்ந்தவர்கள், 2020 அக்டோபருக்குள் நான்கில் மூவருக்கு நோய் தொற்றியிருக்கலாம் என மதிப்பிட்டனர். கணக்குப்படி எல்லைக்கோடு தாண்டியாயிற்று. ஆனால் 2021 ஜனவரியில் உருமாறிய வைரஸ் கிளம்பி இரண்டாம் அலையாக மோதியது. ஆக்சிஜன் இன்றி நோயாளிகள் மாண்டனர். அந்த மதிப்பீடு மிகையோ என்ற விவாதம் இருக்கலாம். ஆனால் எதிர்ப்பாற்றல் என்பது ஒருமுறை கட்டி முடித்தால் நிலைத்து நிற்கும் மதில் அன்று என்பது உறுதியாயிற்று.

குறிப்பாணையின் குறைகள்

எதிர்க்கட்சியின் அறிக்கையையும் இதே தராசில் நிறுக்க வேண்டும். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது தெருக்குழாயைச் சான்றுடன் சுட்டிக்காட்டியவர் ஜான் ஸ்னோ. அவர் பெயரைத் தாங்கிய குறிப்பாணையில் முதலில் 80 ஆய்வாளர்கள் கையெழுத்திட்டனர். நோயைக் கட்டுப்பாடின்றிப் பரவவிடுவது ஆபத்தானது, மக்களில் பெரும் பகுதியினரைப் பிரித்து வைப்பது இயலாதது என்ற அதன் மையக் கருத்து சரியானது. ஜப்பான், வியட்நாம், நியூசிலாந்து ஆகிய நாடுகளை முன்மாதிரியாகக் காட்டியதும் நன்று.

ஆனால் ஊரடங்கால் வரும் கேட்டை ஒப்புக்கொண்ட அது, அளந்து காட்டவில்லை. எத்தனை வாரம் பள்ளியை மூடினால் எவ்வளவு நன்மை, எவ்வளவு இழப்பு? அந்தக் கணக்கு இங்கும் இல்லை. மேலும், இயற்கைத் தொற்றால் நீடித்த பாதுகாப்பு கிடைப்பதற்குச் சான்றே இல்லை என்று அது எழுதியது அளவுமீறிய கூற்று. மறுதொற்றைத் தடுப்பதில் அந்தப் பாதுகாப்பு தளர்ந்தாலும், கடும் நோயைத் தடுப்பதில் நெடுநாள் நின்றதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

கையெழுத்து சான்றாகுமா?

இரு தரப்பும் செய்த பெரும்பிழை கையெழுத்து திரட்டியதுதான். பிரகடனத்தில் பல்லாயிரவர் ஒப்பமிட்டனர். அவற்றுள் கற்பனைப் பெயர்களும் புகுந்திருந்தமை வெளிப்பட்டது. இன்னொரு புறம், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் இயக்குநராயிருந்த பிரான்சிஸ் காலின்ஸ், பிரகடனம் எழுதிய மூவரையும் விளிம்பில் நிற்பவர்கள் என்று குறிப்பிட்டு, அவர்களை விரைந்து தகர்க்கும் மறுப்பு வெளிவர வேண்டும் என 2020 அக்டோபர் 8-ஆம் நாள் எழுதிய மின்னஞ்சல் பின்னாளில் வெளியாயிற்று. மறுப்பது அறிவியலின் கடமை. முத்திரை குத்துவது அன்று. ஒதுக்கப்பட்டவர் என்ற அனுதாபம் வாதத்தின் குறையை மறைத்துவிடும். 2025-இல் பட்டாச்சார்யாவே அந்நிறுவனத்தின் இயக்குநரானார் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளலாம். பதவி மாறினால் கணக்கு மாறுவதில்லை. அன்று தள்ளியபோதும் மாறவில்லை, இன்று ஏற்றியபோதும் மாறவில்லை.

தீர்ப்பு என்ன? காத்திருப்பதில் பயன் இல்லை என்ற பிரகடனத்தின் அடிப்படையைக் காலமே மறுத்தது. அது வெளியாகி ஐந்து வாரத்தில், நவம்பர் 9-ஆம் நாள், முதல் தடுப்பூசியின் நற்செய்தி வந்தது. டிசம்பர் 8-ஆம் நாள் பிரிட்டன் முதியோருக்கு ஊசி போடத் தொடங்கியது. அக்டோபரில் தள்ளிப்போடப்பட்ட தொற்று வெறும் தவணை அன்று. பலருக்கு அது உயிர்ப்பிச்சை. ஆனால், மூடிய பள்ளிகளுக்கும் இழந்த கூலிக்கும் யார் பொறுப்பு என்று பிரகடனம் எழுப்பிய கேள்வி நியாயமானது. அதற்குரிய முழு விடையை அதன் எதிரிகள் அன்று தரவில்லை.

இத்தகைய அறிக்கை இனி எப்போது வெளிவந்தாலும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். இதில் அளந்தறிந்த உண்மை எது? ஊகம் எது? எழுதியவரின் விருப்பம் எது? இம்மூன்றையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். பிறகு, எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்று பார்க்க வேண்டிய தேவையே இராது.