நுரையைப் பார்த்து அழுத்தத்தைத் திருகுகிறவர்கள்

போன ஜனவரியில் மெல்பர்னிலிருந்து ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவன் தியாகதுருகத்தில் என்னோடு பத்தாவது வரை படித்தவன். குழாயைத் திறக்கிறான், கிளாஸில் முக்கால்வாசி நுரை. நுரை அடங்கியதும் அடியில் மிஞ்சிய பீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளிக்கிறான். "பாத்தா கேஸ் ஜாஸ்தி மாதிரி இருக்குது. குடிச்சா கேஸே இல்ல. என்னடா இது?"

அவன் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறவன். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு அது சட்டப்படி சரி. நம்மூரில் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். எனவே எனக்குப் பீர் அனுபவம் கிடையாது. சோடா அனுபவம் உண்டு. என் மாமா எங்கள் ஊரில் 18 வருஷம் கோலி சோடா போட்டவர், பள்ளி லீவில் நான்தான் எடுபிடி. அதை ஞாபகம் வைத்துத்தான் என்னைக் கேட்டிருக்கிறான். கூடவே, தான் மூன்று வாரமாகப் பின்பற்றி வந்த 'கோளாறு-பரிகாரம்' அட்டவணைகளையும் அனுப்பினான். இந்தக் குறிப்பு அந்த அட்டவணைகளைப் பற்றியது.

எல்லாம் ஒரே அச்சு. இடப்பக்கம் கோளாறு, வலப்பக்கம் பரிகாரம். நுரை அதிகமா, அழுத்தத்தைக் குறை. வாயு போதவில்லையா, அழுத்தத்தைக் கூட்டு. மெதுவாக வருகிறதா, அப்போதும் கூட்டு. அவசரமா, 30 பவுண்டு அழுத்தத்தில் வைத்து கெக்கைக் குலுக்கு. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் இருக்குமே, தலையில் விழுந்தால் இது, தோளில் விழுந்தால் அது என்று, அந்த மாதிரி. நண்பனுக்கோ பல்லி தலையிலும் தோளிலும் சேர்ந்து விழுந்திருக்கிறது. நுரையும் அதிகம், வாயுவும் இல்லை. திங்கட்கிழமை முதல் வரிப்படி குறைத்தான், புதன்கிழமை இரண்டாம் வரிப்படி கூட்டினான், சனிக்கிழமை குலுக்கினான். 19 லிட்டர் கெக் ஒன்று அப்படியே சாக்கடைக்குப் போனது. இரண்டாவதும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது.

அட்டவணையில் எந்த வரியும் பொய் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு நிலைமையில் சரி. எந்த நிலைமையில் என்பதுதான் எழுதப்படவில்லை. என் கணக்கில் மூன்று பத்திகள் விடுபட்டிருக்கின்றன: குளிர்ச்சி, காத்திருக்கும் நேரம், குழாயின் நீளம்.

குளிர்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் 0.66 லிட்டர் அளவுக்குத்தான். அழுத்தம் கூடினால் கரைவதும் அதே விகிதத்தில் கூடும் என்று வில்லியம் ஹென்றி 1803-ல் எழுதினார். இரண்டையும் சேர்த்தால் கெக் கணக்கு வந்துவிடும். ஒரு லிட்டர் பீரில் இரண்டரை லிட்டர் வாயு கரைந்து நிற்க வேண்டுமென்றால் 4 டிகிரியில் 12 பவுண்டு போதும். 30 டிகிரியில் அதே இரண்டரையைப் பிடித்து வைக்க 35-க்கு மேல் வேண்டும். பைக் டயருக்குப் பஞ்சர் கடையில் அடிப்பார்களே, அதையும் தாண்டிய அழுத்தம். ஆக '12 பவுண்டு வை' என்ற அறிவுரைக்கு ஃபிரிட்ஜைச் சேர்க்காமல் அர்த்தமே கிடையாது. குளிர்நாட்டுக் கைப்பழக்கத்தை வைத்து எழுதுகிறவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்லத் தோன்றாது. மே மாதத் தியாகதுருகத்தில் படிக்கிறவனுக்கு அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

மாமாவுக்கு ஹென்றியைத் தெரியாது. கோடையில் சோடா போடும் முன் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் பாளம் போடுவார். "சூடான தண்ணி கேஸ் குடிக்காதுடா மாப்ள" என்பார். விஷயம் அதில் முழுசாக இருக்கிறது.

இரண்டாவது, நேரம். ரெகுலேட்டரைத் திருகினால் மாறுவது பீருக்கு மேலே இருக்கும் வாயுவின் அழுத்தம். பீருக்குள் அது கரைந்து சமநிலைக்கு வர, குலுக்காமல் வைத்தால் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். திங்கள் திருகியதன் பலனைப் புதன் கிழமை பார்க்கவே முடியாது. நண்பன் பார்த்ததெல்லாம் பழைய தப்புகளின் பலனை. குலுக்குவதில் தப்பில்லை, மாமாவின் மெஷினும் பாட்டில்களைச் சுற்றிக் குலுக்குவதுதான். ஆனால் 30 பவுண்டில் குலுக்கும்போது எங்கே நிறுத்துவது என்று கைதான் சொல்ல வேண்டும். பழகாத கை தாண்டிப் போய்விடும். பிறகு கேஸை மூடி, மேலே இருப்பதை விட்டு விட்டு வெளியேற்றி ஒரு நாள் முழுக்க இறக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது பத்திதான் நண்பனின் புதிருக்கு விடை. நுரை எதனால் ஆனது? பீரில் கரைந்திருந்த அதே வாயுவால். வழியிலேயே பிரிந்து நுரையாகிவிட்டால், குடிக்கும் பீரில் மிச்சம் இருக்காது. பார்க்க அதிகமாகவும் குடிக்க இல்லாமலும் இருந்தது இரண்டு கோளாறுகள் என்று அட்டவணை நினைக்க வைத்தது. ஒரே கோளாறுதான். வாயு போய்ச் சேரும் முன்பே இறங்கிவிட்டது.

ஏன் இறங்குகிறது? நம் பக்கத்து விவசாயியிடம் கேட்டால் சொல்லிவிடுவார். மோட்டார் பக்கத்தில் பைப்பைப் பிடித்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். நீளமான சின்ன பைப்பின் கடைசியில் சாதுவாக வரும். வழி நெடுக உராய்வில் அழுத்தம் செலவாகிவிடுகிறது. கெக்கில் இருக்கும் 12 பவுண்டு, குழாய் வாய்க்கு வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகியிருக்க வேண்டும். செலவாகாமல் வந்தால் வாயிலில் ஒரேயடியாக விழும், வாயு சிதறும். 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய் என்றால் 12 பவுண்டுக்குச் சுமார் 3 மீட்டர் நீளம் வைப்பது வீட்டுக்காரர்கள் அனுபவத்தில் கண்ட கணக்கு. நண்பனிடம் இருந்தது ஒன்றரை மீட்டர். "நீட்டா இருக்கட்டும்னு நான்தான்டா வெட்டுனேன்" என்றான்.

'நுரை அதிகம், அழுத்தத்தைக் குறை' என்ற வரியின் தீங்கு இங்கேதான். குறைத்த அன்றைக்குப் பலன் தெரியும். மெதுவாக வரும், நுரை குறையும். ஆனால் 12-க்குச் சமநிலையான பீர் 6 பவுண்டில் உட்கார்ந்தால் கரைந்த வாயு வெளியேறத் தொடங்கும். கெக்குக்குள்ளேயே கொஞ்சம், குழாயில் குமிழாகக் கொஞ்சம். அடுத்த வாரம் நுரையும் திரும்ப வரும், சப்பென்றும் ஆகிவிடும். பரிகாரமே அடுத்த கோளாறாகிறது. அதற்கும் ஒரு வரி அட்டவணையில் தயாராக இருக்கிறது.

நான் அவனுக்கு எழுதி அனுப்பியது வேறு வரிசை. 4 டிகிரி, 12 பவுண்டு, பத்து நாள் கையை வைக்காதே. பிறகு வரிசையாக மூன்று கிளாஸ் பிடி. முதல் கிளாஸ் மட்டும் பொங்கி, அடுத்தவை சரியாக வந்தால் ஃபிரிட்ஜுக்கு வெளியே வெயிலில் நிற்கும் குழாய்தான் காரணம். மூன்றும் பொங்கினால் நீளத்தைப் பார், இல்லையென்றால் வாயு ஏற்கெனவே அதிகமாகக் கரைந்திருக்கிறது. கெக்கிலிருந்து கிளம்பும் இடத்திலேயே குமிழ் தெரிந்தால், உள்ளே அடிவரை இறங்கும் குழாயின் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையம் போயிருக்கும். மேலே நிற்கும் வாயு அந்த வழியாகப் பீரோடு நேராகக் கலக்கிறது. குழாயைப் பாதி திறந்து பிடிக்காதே, முழுசாகத் திற, பாதித் திறப்பிலும் வாயு சிதறும். ரெகுலேட்டர் கடைசியில்.

பத்து நாள் கழித்து மூன்று கிளாஸுமே பொங்கியது. கெக் வாயில் குமிழ் இல்லை. 3 மீட்டர் குழாய் மாட்டினான். முதல் கிளாஸில் இப்போதும் கொஞ்சம் நுரை கூடத்தான், மற்றவை சரி.

அட்டவணைகளுக்கு நியாயம் சொல்வதென்றால், சுத்தம் பற்றியும் கசிவு பற்றியும் அவை சொல்வது நல்ல உபயோகம். அழுக்குப் பிடித்த குழாயின் உட்சுவர் நுரையைக் கிளப்பும். சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு தெரியும். இரண்டிலும் அறிகுறியும் காரணமும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, அதனால் அட்டவணை வேலை செய்கிறது. சிலிண்டர் மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று அறிய முடியாது, எடை போட வேண்டும் என்பதைச் சில சொல்கின்றன, பல சொல்லவில்லை. உள்ளே திரவம் இருக்கும் வரை மீட்டர் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். நம்மூர் வெயிலிலோ 31 டிகிரிக்கு மேல் கரியமில வாயு திரவமாகவே இருக்காது, முள் வெயிலோடு ஏறும். மாமா எடைதான் போடுவார்.

மாமாவையும் உயர்த்திப் பிடிக்கவில்லை. அவர் அழுத்தத்தைக் காதால் கணித்தவர். கோணிச்சாக்கு போர்த்தி வேலை செய்தும், வெடித்த பாட்டில் ஒன்றின் தழும்பு இடது முன்கையில் இருக்கிறது. நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது அவர் விசாரிக்கும் வரிசையை மட்டும். சோடா சப்பென்று இருந்தால் முதலில் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பார். அடுத்து பாட்டில் கழுத்து ரப்பர். அடுத்து சிலிண்டர் எடை. வால்வில் கை வைப்பது கடைசி.

பீருக்குச் சோடாக்கடையில் விடை தேடுவது விசித்திரமும் இல்லை. லீட்ஸில் மதுவடிப்பாலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டியின் மேல் நின்ற வாயுவைத் தண்ணீரில் கலந்து பார்த்துத்தான் 1772-ல் சோடாத் தண்ணீர் செய்முறையை வெளியிட்டார். ஹைரம் காட் கோலி பாட்டிலுக்கு 1872-ல் காப்புரிமை வாங்கினார். நண்பன் வைத்திருக்கும் 19 லிட்டர் 'கார்னீலியஸ்' கெக்கும் குளிர்பானக் கம்பெனிகள் சிரப் நிரப்பி அனுப்பிய பாத்திரம். கம்பெனிகள் அட்டைப்பெட்டிக்குள் பைக்கு மாறியதும் கழித்துப் போட்டதை வீட்டு பீர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இதைத் தியாகதுருகத்தில் உட்கார்ந்து எழுதும்போது ஒன்றைத் தாண்டிப் போக முடியவில்லை. 2024 ஜூனில், எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். நண்பன் பீர் தயாரிக்கிறான் என்று தெருவில் சொன்னபோது ஒரு அக்கா கேட்ட முதல் கேள்வி, "கண்ணு போயிடாதா?" தானியம் நொதித்து வரும் பீரில் அந்த ஆபத்து கிடையாது, அங்கே கலந்தது தொழிற்சாலைக்கான மெத்தனால் என்று விளக்கினேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. மெத்தனாலுக்கு நுரை இல்லை, கிளாஸைப் பார்த்தோ மோந்தோ குடித்தோ பிரித்தறிய முடியாது, கண் மங்கும்போது நேரம் கடந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை மட்டும் நம்புவது எவ்வளவு தூரம் வரும் என்பதை எங்கள் மாவட்டம் பார்த்துவிட்டது. அந்த அக்கா கேட்டது கிளாஸுக்கு முன்னால் என்ன நடந்தது என்பதை. கெக் அட்டவணை எழுதுகிறவர்களும் அங்கிருந்து தொடங்கினால் போதும்.

நண்பனின் கடைசி வீடியோவை மாமாவிடம் காட்டினேன். சுருட்டி வைத்த 3 மீட்டர் குழாயை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. நம்ம சோடாவுக்கு இந்தத் தொல்லையே இல்ல மாப்ள. கோலியத் தட்டுனமா, பாட்டில்லயே குடிச்சமான்னு போயிட்டாங்க."